நீத்தா ஏன் மறுக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லித்தான் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ படம் பார்த்தேன். பாதியிலேயே கதாநாயகி நீத்தா மேல் கோபம் வந்துவிட்டது. கையில் பணம் வந்தால் போதும், வீட்டில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். இவளும் சிரித்துக்கொண்டே கொடுக்கிறாள். அறுந்த செருப்போடு நடக்கிறவள் ஒரு தடவையாவது ‘முடியாது’ என்று சொல்லக்கூடாதா? பெண் தேய்ந்து போவதைத் தியாகம் என்று கொண்டாடும் இன்னொரு படம்தானே இது? ‘அவள் ஒரு தொடர்கதை’ கவிதாவாவது வாய் திறந்து திட்டுவாள். நானும் மூத்தவள், என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயம். கட்டக்குக்கும் அதே கோபம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு தடவை பார்க்கும்போது ஒலியைக் கவனியுங்கள். காதலன் சனத்தின் அறையில் வேறொரு பெண் இருப்பது தெரிந்து நீத்தா படியிறங்குகிறாள். அழுகை இல்லை, பேச்சு இல்லை. பின்னணியில் சாட்டை விளாசும் சத்தம். பிறகு அண்ணன் சங்கரோடு தாகூர் பாட்டொன்றைப் பாடுகிறாளே, அது முடியும்போதும் அதே சாட்டை. தியாகத்தைப் போற்ற நினைத்தவர் அந்த இடத்தில் புல்லாங்குழல் வைத்திருப்பார். இவர் அடி விழுவதைக் கேட்க வைக்கிறார்.

அம்மாவுக்கும் ஒரு சத்தம் உண்டு. நீத்தாவும் சனத்தும் பேசுவதை அவள் உற்றுக் கேட்கும்போது அடுப்புக் கொதிப்பு மேலெழுகிறது. இவள் கல்யாணமாகிப் போய்விட்டால் உலைக்கு அரிசி ஏது? 1947 பிரிவினையில் கிழக்கு வங்காளத்தை விட்டு வந்து, கல்கத்தா ஓரத்து அகதிக் குடியிருப்பில் ஒண்டியிருக்கும் குடும்பம். பெற்ற மகளிடமே கணக்குப் பார்க்க அம்மாவைத் தூண்டியது அந்தப் பயம். கட்டக்கும் டாக்காவில் பிறந்து ஊரை இழந்தவர்தான். அதனால் அந்த அம்மாவை வெறும் கொடுமைக்காரியாக்கிவிட்டு அவரால் நகர முடியவில்லை.

நீத்தாவுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் அப்பா விரலை நீட்டி, ‘குற்றம் சாட்டுகிறேன்’ என்கிறார். யாரை என்று கேட்டால், யாரையும் இல்லை. எனக்குப் படத்திலேயே தாங்க முடியாத இடம் இதுதான். சங்கர் பெரிய பாடகனாகிவிட்டான், தங்கை கீதா சனத்தையே கட்டிக்கொண்டாள். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்ட வீட்டில் யாரைப் பிடித்து நிறுத்துவது?

அப்புறம், உங்கள் கேள்வியை நீத்தாவே கேட்டுக்கொள்கிறாள். அநியாயத்தை ஒருநாளும் எதிர்க்காமல் இருந்ததுதான் தன் பாவம் என்று சனத்திடம் சொல்கிறாள். கடைசியில் ஷில்லாங் மலையில், ‘அண்ணா, நான் வாழத்தான் ஆசைப்பட்டேன்’ என்று கதறுகிறாள். மலை முழுக்கச் சுழல்கிறது கேமரா. தியாகி பேசும் பேச்சா அது?

கவிதாவைச் சொன்னீர்கள். 1974-ல் பாலசந்தர் படத்தில் சுஜாதா நடித்த அந்தப் பாத்திரம் எனக்கும் பிடிக்கும். ஆனால் வீட்டையே வெளுத்து வாங்குகிற அவளும் கடைசியில் அதே வேலைக்குத்தான் கிளம்புகிறாள். திட்டித் தீர்த்தால் பாரம் இறங்கிவிடுவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீடு உங்கள் சம்பளத்தில் ஓடுகிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். மாதாமாதம் உங்களுக்கென்று என்ன எடுத்து வைக்கிறீர்கள்? அடுத்த கடிதத்தில் படத்தை விட்டுவிட்டு அதை எழுதுங்கள்.