நைரோபியில் முதல் இரண்டு வாரம்: கேளுங்கள், சொல்கிறேன்

கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் தன்னார்வலராகக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டுத் தக்கலைக்குத் திரும்பியிருக்கிறேன். நம் மாவட்டத்திலிருந்து கிளம்பப்போகிற பிள்ளைகளும் வீட்டாரும் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இது. போய் இறங்கின புதிதில் நடப்பதைப் பற்றி மட்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, கிளம்பும் முன் கட்டாயம் செய்யவேண்டியது எது?

மஞ்சள் காய்ச்சல் ஊசி. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டிருக்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில்தான். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டேன். அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வை, அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே நம் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனியே வைத்துவிடலாம். அப்புறம், சம்பளம் இல்லாத வேலை என்றாலும் அங்கே தனி அனுமதி வேண்டும். உன்னை அழைக்கிற அமைப்பிடம் அதைக் கேட்டு வாங்கு. "சுற்றிப்பார்க்க வந்தேன்னு சொல்லிடு, மீதியைப் பார்த்துக்கலாம்" என்கிறவர்களை நம்பாதே.

குளச்சலிலிருந்து ஒரு அம்மா: மக்களே, என் மகள் போகிறாள். என்ன கட்டிக்கொடுக்க?

எதைக் கட்டினாலும் பிளாஸ்டிக் பையில் கட்டாதீங்கம்மா, 2017லிருந்து அங்கே அதற்குத் தடை. துணிப்பை போதும். குக்கர் ஒன்று கொடுத்துவிடுங்க. நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், சம்பா அரிசியை வெறும் பானையில் போட்டால் அது வெந்து முடிவதற்குள் பசியே போய்விடும். மரச்சீனி சந்தையில் கிடைக்கும். உங்க ஊர்ப் பிள்ளைக்கு மீன்தான் கஷ்டம், பெரும்பாலும் ஏரி மீன், திலாப்பியா. ஸ்வெட்டரும் வையுங்க, ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று நான் ஜூலை மாதம் பருத்திச் சேலையோடு போய் இறங்கி நடுங்கின நடுக்கம் எனக்குத்தான் தெரியும்.

நாகர்கோவிலிலிருந்து: தனியாக பஸ்ஸில் போகலாமா?

போகலாம். மத்தாத்து என்று தனியார் வேன்கள், நம்ம ஊர் மினி பஸ்ஸுக்கு அண்ணன். பாட்டுச் சத்தமும் அப்படித்தான். கட்டணம் காலையில் ஒன்று, மழை பெய்தால் ஒன்று. ஏறும் முன் பக்கத்தில் நிற்கிற அம்மாவிடம் கேட்டுக்கொள், கண்டக்டரிடம் அல்ல. ஜன்னலோரம் உட்கார்ந்து போனை நோண்டாதே, வெளியிலிருந்து பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி முதல் நாளே சிம் வாங்கி எம்-பெசாவில் பதிந்துவிடு. 2007லிருந்து போன் வழியாகவே பணம் புழங்குகிற ஊர், காய்கறிக்காரியும் அதில்தான் வாங்குவாள்.

குலசேகரத்திலிருந்து: ஸ்வாஹிலி தெரியாமல் சமாளிக்கலாமா?

ஆங்கிலம் போதும், மணியைத் தவிர. வீட்டுக்காரம்மா என்னை "ஸா தாத்து"வுக்குச் சந்தைக்கு வரச் சொன்னார். தாத்து என்றால் மூன்று என்று படித்திருந்தேன், மத்தியானம் மூன்று மணிக்குப் போய் நின்றேன். அவர் காலை ஒன்பதுக்கே காத்திருந்து போய்விட்டார்! ஸ்வாஹிலியில் மணி விடியலிலிருந்து எண்ணுவது, காலை ஏழுதான் ஒரு மணி. எங்க பாட்டா நாழிகை எண்ணினதும் விடியலிலிருந்துதானே, எனக்கு ஏன் அது உறைக்கவில்லை என்று இப்போதும் தெரியவில்லை.

இரணியலிலிருந்து: நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?

"முஹிந்தி" என்பார்கள், இந்தியர் என்று அர்த்தம். ரயில்பாதை போட வந்த காலத்திலிருந்தே நம் ஆட்கள் அங்கே உண்டு, நகரமே 1899இல் ரயில் முகாமாகத் தொடங்கினதுதான். ஆகவே கடை வைத்திருக்கிற பணக்காரி என்றுதான் முதலில் நினைப்பார்கள். சண்டை போடாதே, நாளாக நாளாக மாறும்.

கருங்கலிலிருந்து: டீச்சர், முதல் நாளே வேலை கொடுத்தார்களா?

இல்லை. ஒன்பது நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன், கோபம் கோபமாக வந்தது. தப்பு என்னுடையது. காலையில் போனதும் "ரெஜிஸ்டர் எங்கே?" என்று தொடங்கிவிடுவேன். அங்கே கை குலுக்கி, நல்லாத் தூங்கினாயா, வீட்டில் எல்லாரும் சுகமா என்று ஒரு சுற்று கேட்ட பிறகுதான் வேலைப் பேச்சு. "சாயா குடிச்சியா?" என்று கேட்காமல் எதையும் தொடங்காத ஊரில் பிறந்துவிட்டு அங்கே போய் அதை மறந்திருக்கிறேன். பத்து மணிக்கு எல்லாரும் சாயா குடிப்பார்கள், பாலும் தூளும் சேர்த்துக் கொதிக்கவைத்தது. நானும் போய் உட்கார ஆரம்பித்தேன். பத்தாவது நாள் அங்கே வைத்துத்தான், ஏழாம் வகுப்பில் இன்று ஆள் இல்லை, போகிறீர்களா என்று கேட்டார்கள்.