இரண்டு வசனமும் ஒரு வார வெறுமையும்

ஐயா வணக்கம்,

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். 6 மாதமாகச் சாயங்காலம் ஒரு நாடகக் குழுவுக்குப் போனேன். தோழி வேடம், இரண்டே வசனம். போன வாரம் நாடகம் முடிந்தது. கடைசி நாள் கட்டிப்பிடித்து அழுதவர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் குட் மார்னிங்கூடப் போடுவதில்லை. எனக்கு வேலையே ஓடவில்லை. வீட்டில் 'ரெண்டு வசனத்துக்கா இந்தப் பாடு?' என்று சிரிக்கிறார்கள். அந்தப் பாசமும் வேடம்தானா?

ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

அன்புள்ள வாசகிக்கு,

வேடம் இல்லை. ஆனால் அதை நட்புக் கணக்கில் எழுதிவிட்டீர்கள், அங்கேதான் சிக்கல். ஒத்திகைக்குக் கால்மணி நேரம் பிந்தினால் "எங்கம்மா போன, ஆளையே காணோம்?" என்று கேட்க ஆள் இருந்தது. ஆபீஸில் லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள், தேடமாட்டார்கள். உங்களுக்கு இப்போது இல்லாமல் போனது அதுதான். (கடைசி நாள் அழுகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அதில் பாதி களைப்பு.)

நம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பாருங்கள். ஆடுகிறவர் ஓர் அடி பாடி நிறுத்தினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள், அவர் மூச்சு வாங்கிக்கொள்வதே அந்த இடைவெளியில்தான். வேடம் இல்லாத நேரத்தில் ஆட்டக்காரர்களே பின்பாட்டுக்கு உட்காருவதும் உண்டு. சற்றுமுன் சபையில் தொடை தட்டிய துரியோதனன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வியர்வையில் அரிதாரம் வழிய, ஆர்மோனியப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து பாஞ்சாலியின் புலம்பலை எடுத்துப் பாடிக்கொண்டிருப்பார். இவர்களெல்லாம் உயிர் நண்பர்களா? கூலித் தகராறு, வேடத் தகராறு, முகம் பார்த்துப் பேசாத பங்காளிகள், எல்லாம் உண்டு. ஆனால் ஒருவர் பாட்டடியை விட்டால் எடுத்துப் பாட ஆள் இருக்கும். திருவிழாக் காலம் முடிந்ததும் தறிக்கும் காட்டு வேலைக்கும் கலைந்து போய்விடுவார்கள், அடுத்த கூத்து வரும்வரை யாரும் யாருக்கும் குட் மார்னிங் அனுப்புவதில்லை.

அதனால் குரூப்பைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அடுத்த நாடகம் எப்போது என்று நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். வேடம் கிடைக்காவிட்டால் பக்கவாட்டில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். முக்கிய வேடக்காரர் மறந்து விழிக்கும்போது உங்கள் பக்கம்தான் திரும்புவார். அப்புறம், வீட்டில் சிரிக்கிறவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.