கல்யாண ஏற்பாட்டுக்கு டெக்னாலஜி, சோசியல் மீடியா எல்லாம் உண்மையிலேயே உதவுமா?

நல்லாவே உதவும்ங்க. எங்க அக்கா கல்யாண வேலைய முழுசா எடுத்துப் போட்டு செஞ்சதுல நான் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, கணக்கு வச்சுக்க, எதையும் மறக்காம இருக்க, வழி காட்ட இதுக்கெல்லாம் போனை நம்பலாம், ஆனா ஆளைக் கூப்பிடுற வேலைய மட்டும் அதுகிட்ட விட்டுடக் கூடாது.

நான் விட்டேன். வாட்ஸ்அப்ல பிராட்காஸ்ட் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், ஒரே தடவை அனுப்புனா எல்லாருக்கும் தனித்தனியா போகும். ரெண்டு லிஸ்ட் போட்டு பத்திரிகைய அனுப்பிட்டு வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். நம்ம நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தாத்தான் அந்த மெசேஜ் அவங்களுக்குப் போகும்ங்கிறது எனக்கு அப்பத் தெரியாது, நானோ அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் நம்பர் மாத்தியிருந்தேன். நிறைய பேருக்குப் போகவே இல்ல. எங்களைத் தூக்கி வளர்த்த சின்ன தாத்தாவுக்கு கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி வேற யாரோ சொல்லித்தான் தேதியே தெரிஞ்சிருக்கு. "ஒரு போன் போட்டிருக்கலாமேப்பா"ன்னு மட்டும் கேட்டார். வந்தார், எல்லாரையும் வாழ்த்தினார், ஆனா அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கல.

அவர் அப்படிக் கேட்ட அன்னிக்கு ராத்திரியே எங்க கூகுள் ஷீட்ல "பேசியாச்சா, யார் பேசுனது"ன்னு ஒரு கட்டம் சேர்த்தேன். எனக்கு மொத்தக் கல்யாணத்துலயும் அதிகம் கைகொடுத்தது அந்த ஷீட்தான். பேரு, எத்தனை பேர் வர்றாங்க, தங்க இடம் வேணுமா, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தோம், பாக்கி எவ்வளவு, எல்லாம் ஒரே இடத்துல. ரெண்டு வீட்டுக்காரங்களும் அவங்கவங்க போன்லயே திறந்து எழுதுனாங்க, யார் எதை மாத்துனாங்கன்னு பழைய வெர்ஷன்ல பாத்துக்கலாம், அதனால "நான் சொன்னேனே, நீ எழுதலையே"ங்கிற சண்டைக்கே இடமில்ல. வர்றீங்களான்னு கேட்டு கூகுள் ஃபார்ம் அனுப்புறது சின்ன வயசுக்காரங்களுக்கு சரியா வரும், பெரியவங்ககிட்ட நீங்களே கேட்டு நீங்களே எழுதிக்கோங்க.

வாட்ஸ்அப் குரூப் போட்டா அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி செட்டிங் வச்சுடுங்க, இல்லன்னா குட் மார்னிங் படத்துக்கு நடுவுல வண்டி கிளம்புற நேரம் காணாமப் போயிடும். மேப் லொகேஷன நேர்ல போய் வாசல்ல நின்னு எடுத்து அனுப்புங்க, சில இடத்துல மேப்ல இருக்கிற குறி பின்பக்கத் தெருவுல போய் நிக்கும்.

ரொம்ப முக்கியமான ஒண்ணு, கல்யாணப் பத்திரிகைன்னு பேர் போட்டு ஏபிகே ஃபைல், அதாவது போன்ல ஆப்பை ஏத்துற ஃபைல், அனுப்பி போனையே கைல எடுத்துக்கிற மோசடி நடக்குது. அதனால உங்க பத்திரிகைய படமாவோ பிடிஎஃப்பாவோ மட்டும் அனுப்புங்க, வீட்டுல பெரியவங்களுக்கும் இதை சொல்லி வைங்க.

வர முடியாதவங்களுக்கு யூடியூப் லைவ் போடுறதா இருந்தா முன்கூட்டியே சேனலை ரெடி பண்ணுங்க. முதல் தடவை லைவ் ஆன் பண்ண 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம், மொபைல்லேருந்து போடணும்னா 50 சப்ஸ்கிரைபராவது இருக்கணும், காலைல எந்திரிச்சு பண்ணிக்கலாம்னு விட்டா அவ்வளவுதான். அன்லிஸ்டட்ல போட்டா லிங்க் இருக்கிறவங்க மட்டும் பாப்பாங்க. போட்டோவ சாதாரணமா வாட்ஸ்அப்ல வாங்குனா தெளிவு குறைஞ்சுடும், டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்ல கூகுள் போட்டோஸ்ல ஷேர்டு ஆல்பம் போட்டு அதோட க்யூஆர் கோடை வாசல்ல ஒட்டிடுங்க. ஆனா ஃப்ரீ இடம் 15 ஜிபிதான், மெயிலும் அதுக்குள்ளதான் வரும், அதையும் பாத்துக்கோங்க.

இன்ஸ்டாகிராம் பத்தி மனசுல பட்டதை சொல்லிடுறேன். போட்டோகிராஃபர், டெக்கரேஷன் ஆளு தேட அது நல்ல இடம், ஆனா அவங்க போட்ட படத்தை விட மத்தவங்க அவங்களை டேக் பண்ணுன படத்தைப் பாருங்க, ஏதாவது ஒரு கல்யாணத்தோட முழு ஆல்பத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்க, அப்பத்தான் வெளிச்சம் சரியில்லாத இடத்துல எப்படி எடுப்பாங்கன்னு தெரியும். எங்க அக்கா ராத்திரி ராத்திரி ரீல்ஸ் பாத்து, தேர்ந்தெடுத்து முடிச்ச புடவைய மூணு தடவை மாத்தி, கடைசில எதுவுமே பிடிக்காம அழுதா. அதுக்கப்புறம் ஒரு விஷயத்தை முடிவு பண்ணிட்டா அதைப் பத்தி தேடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டோம், அவ நிம்மதியா தூங்கினா.

அப்புறம் பொண்ணும் மாப்பிள்ளையும் அவங்க படத்தை முதல்ல போடுற வரைக்கும் வேற யாரும் போட வேண்டாம்னு சொந்தக்காரங்ககிட்ட அன்பா முன்னாடியே சொல்லிடுங்க, கேட்டுப்பாங்க, எங்க வீட்டுல கேட்டாங்க. அந்த ஷீட்டோட காலி காப்பி என்கிட்ட இருக்கு, வேணும்னா கேளுங்க தரேன்.