மரத்தூணும் கம்பும்: கேட்டவர்களுக்குப் பதில்

உருண்டையாக, சீவாமல் கொள்ளாமல் அப்படியே பாவிக்கும் மரங்களைப் பற்றிக் கொழும்பிலிருந்து வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

தெஹிவளை: அண்ணை, முன் விறாந்தைக்கு ஊர் வீடு மாதிரி நாலு மரத்தூண் வைக்க ஆசை. மண்ணில் புதைத்துக் கொங்கிரீட் போட்டால் உறுதியாக நிற்குமா?

தயவுசெய்து புதைக்க வேண்டாம். மரம் உக்குவது ஆழத்திலும் இல்லை, உச்சியிலும் இல்லை. நிலமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில்தான். ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அதுதான், பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். சுற்றிக் கொங்கிரீட் போட்டால் இன்னும் மோசம். மரம் காய்ந்து சுருங்க நடுவில் இடைவெளி வரும், மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கித் தேங்கி நிற்கும்.

தூணைக் கல்லின் மேல் நிறுத்துங்கள். கல்லில் ஒரு இரும்புக் கம்பி பதித்து, தூணின் அடியில் துளை போட்டு அதில் இறக்க வேண்டும். வெட்டுமுகம்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அதனால் நிறுத்துவதற்கு முன் அடிமுகத்துக்கு இரண்டு மூன்று பூச்சு எண்ணெயோ வார்னிஷோ கொடுங்கள். கூரைத் தாழ்வாரம் இரண்டரை, மூன்று அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். கண்டிக்குப் பக்கத்தில் எம்பக்க தேவாலயத்தின் சித்திர வேலை செய்த மரத்தூண்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: தூண் மேடைக்கு மேலே, கூரை நன்றாகத் தாழ்ந்து. கொழும்பிலேயே பார்க்க வேண்டுமானால் சுதந்திர சதுக்க மண்டபத்துக்குப் போங்கள். கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்ற மர மண்டபத்தின் வடிவத்தில்தான் அதைக் கொங்கிரீட்டில் எழுப்பினார்கள். மரத்தூணின் அழகு அவ்வளவு பிடித்திருக்கிறது.

வத்தளை: ஐயா, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, தூண் மேலிருந்து கீழே வெடித்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அப்படி நினைக்கத் தேவையில்லை. மரம் காயும்போது வட்டத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவை நோக்கிச் சுருங்கும் அளவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுவையில் முழு உருளை எங்கேயாவது ஒரு பக்கம் பிளந்துதான் ஆகும். நாரின் போக்கில் நேராக ஓடும் வெடிப்பு பொதுவாகப் பாரம் தாங்குவதைக் கெடுக்காது. குறுக்கே வெடித்திருந்தால், அல்லது தூணைச் சுற்றிக்கொண்டு சரிந்து போனால், மாற்றிவிடுங்கள்.

நல்ல தச்சர்கள் இதற்கு ஒரு வேலை செய்வார்கள். சுவரைப் பார்க்கும் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு வாள்வெட்டு, தூணின் நடு வரைக்கும். வெடிப்பு முழுவதும் அந்த வெட்டிலேயே அகலும், முன்பக்கம் பெரும்பாலும் தப்பிவிடும். இனி வாங்கும் தூணுக்குக் கேட்டுச் செய்விக்கலாம். இப்போது உள்ள வெடிப்பைச் சீமெந்து போட்டு அடைக்க வேண்டாம், ஒரு வருடம் போகட்டும்.

மொரட்டுவையில் மரம் பார்க்கப் போகிறேன். என்ன மரம் கேட்கலாம்?

வெளித்தூணுக்கு பாலை, முதிரை; கறையானுக்கு இலகுவில் மசியாதவை. வெளிறு, அதாவது வெளிப்பக்கத்து மென்மரம், கழித்து வைரம் என்ற உள்மரம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்குங்கள். பனையும் தென்னையும் வேறு சாதி. அவற்றுக்கு உறுதி வெளிப்பக்கத்தில், நடுவில் மெதுவான சோறுதான். ஆகவே சுற்றிச் சீவி மெல்லிசாக்கினால் நல்ல பகுதியைத்தான் எறிகிறீர்கள். முற்றிய பனை தலைமுறை கடந்து கூரையைத் தாங்கும். தென்னை வீட்டுக்குள்ளே சரி, மண்ணில் பட்டால் சில வருடங்களில் போய்விடும். ஊர்க் காணியில் மரம் தறிக்க நினைப்பவர்களுக்கு: பலா, பெண்பனை இரண்டுக்கும் அனுமதி வேண்டும். முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

வெள்ளவத்தை: மகளின் கலியாணம். நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடி. கன்னிக்கால் எங்கே ஊன்றுவது?

நல்ல காரியம், வாழ்த்துகள் அக்கா. பெரிய சாடியில் மணலும் மண்ணும் நிரப்பி முள்முருக்கந் தடியை ஊன்றுங்கள். பலரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். தடி சாயாமல் இருக்க அடியில் நாலு கல் இறுக்கிவிட்டு மணலைப் போடுங்கள். முருக்கு தடியிலிருந்தே துளிர்க்கும் மரம், அதற்காகத்தான் அதை எடுக்கிறோம். எனவே பச்சைத் தடியாகப் பார்த்துக் கடைசி நேரத்தில் வெட்டுவியுங்கள். சடங்கு முடிந்ததும் குப்பையில் போடாமல், மண் உள்ள உறவினர் வீட்டில் நட்டுவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை: சாப்பாட்டுக் கடைக்குள் கொட்டில் மாதிரி கம்பும் தென்னோலைக் கிடுகும் வைத்து அலங்கரிக்கிறோம். பட்டையோடு வைத்தால் அழகாக இருக்குமே?

அழகுதான், ஆனால் பட்டைக்கு அடியில்தான் வண்டு குடியிருக்கும். உரித்து, நிழலில் காயவைத்து, போரக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரைப் பூசிக் காய்ந்த பிறகு வையுங்கள். பிறகு கம்பின் அடியில் கோதுமை மா போல மெல்லிய தூள் விழுந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது, அந்தக் கம்பை உடனே வெளியேற்றுங்கள். ஆணியைவிடத் தும்புக் கயிற்றால் கட்டுங்கள். ஊரில் கொட்டிலின் கப்பையும் (நிற்கும் கால்) வளையையும் (மேலே கிடக்கும் மரம்) அப்படித்தான் கட்டினார்கள், காற்றடித்தால் கட்டு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். கிடுகை அடுப்படிக்குக் கிட்ட வைக்கவே வேண்டாம். ஒரு பொறி போதும்.

கல்கிசை: கடலோர பல்கனியில் கம்புப் பந்தல். எந்த ஆணி?

உப்புக்காற்றில் சாதாரண ஆணி நிற்காது. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் வாஷரும்.

பழைய மின்கம்பம் மலிவாகக் கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போடலாமா?

வேண்டாம் தம்பி. உக்காமல் இருக்க அவற்றில் ஆர்சனிக் சேர்ந்த மருந்தோ கிரியோசோட்டோ ஏற்றியிருப்பார்கள். பிள்ளைகள் தொட்டு விளையாடும் இடத்துக்கு அது ஆகாது. வெட்டி விறகாக்கவும் கூடாது, புகை நஞ்சு. வேலி மூலைக்கு நடலாம், கிணற்றுப் பக்கம் மட்டும் வேண்டாம்.