கடற்கரையில் உதைபந்து ஆடும் பிள்ளைகள் புட்சாலுக்கு எப்படிப் பழகுவது?

கல்லடிக் கடற்கரையில் உதைபந்து விளையாடும் மகனும் மகளும் சர்வதேச இளையோர் புட்சால் போட்டிக்கு ஆசைப்படுகிறார்கள், இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றில்லை. புட்சால் என்பது சிறிய தளத்தில், கடினமான தரையில் ஆடும் உதைபந்து. மணலில் ஓடிய கால்களுக்குப் பலம் இருக்கும், ஆனால் பந்தே வேறு.

புட்சால் பந்து 4ஆம் இலக்கம். 2 மீற்றர் உயரத்திலிருந்து விட்டால் 65 சென்ரிமீற்றருக்கு மேல் எழும்பாது. என் அக்காவின் மகள் முதல் நாள் வழமைபோல ஓங்கி அடித்தாள். பந்து துள்ளாமல் சீமெந்துத் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளங்காலால் மிதித்து நிறுத்தி, அப்படியே உருட்டித் திருப்பப் பழக்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அணிக்குக் கோல் காப்பாளரோடு 5 பேர். ஓஃப்சைட் கிடையாது. பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் கையால் எறிவதில்லை, கோட்டில் வைத்து 4 செக்கனுக்குள் உதைக்க வேண்டும்.

மைதானத்துக்கு அலைய வேண்டாம். பாடசாலை வலைப்பந்தாட்டத் தளம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். புட்சால் விதி கேட்கும் குறைந்த அகலம் 16 மீற்றர். பயிற்சிக்கு அந்த முக்கால் மீற்றர் ஒரு குறையே இல்லை.

மகளைப் பின்னுக்கு நிறுத்திவிடாதீர்கள். 2018இல் பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் உதைபந்தாட்டத்துக்குப் பதிலாகப் புட்சால்தான் நடந்தது. ஆண்களுக்கு 10 அணி, பெண்களுக்கும் 10 அணி. ஆண்களில் பிரேசிலும் பெண்களில் போர்த்துக்கலும் தங்கம் எடுத்தன.

சரி, சப்பாத்து வாங்கும்போது அடியில் முள் இல்லாத, தட்டையான றப்பர் அடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.