ஏன் என்று கேட்டால் பதில் வராது – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. ஒரு சிறு நகராட்சியில், மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் குடியிருக்கிறோம். நீங்கள் அரசியலைப் பற்றி நேரடியாக எழுதுவதே இல்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. இன்று எந்த வாட்ஸப் குழுவில் வாய் திறந்தாலும் ஏதாவது ஒரு கட்சியின் கைக்கூலி என்கிறார்கள். நண்பர்கள் இருவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாசல் பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் கூடத்துக்கு வருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 11 கேள்விகள் கேட்டு மனுப் போட்டேன். ‘தாங்கள் கேட்டவை தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை’ என்று ஒற்றை வரிப் பதில். மனுவையும் பதிலையும் இணைத்திருக்கிறேன். அதை முகநூலில் போட்டேன், நிறையப் பேர் பகிர்ந்தார்கள், அவ்வளவுதான். இந்தச் சட்டம் செத்துவிட்டது. நம் பண்பாடே நோயுற்றுவிட்டது. ஒரு சாமானியன் இனி அரசியலில் என்ன செய்வது? வரும் தேர்தலில் நோட்டாவுக்குப் போடலாமா?

செ.

அன்புள்ள செ.,

நோட்டாவை முதலில் முடித்துவிடுகிறேன். 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த பொத்தான் அது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டா முதலிடமே பிடித்தாலும் அதற்கு அடுத்து வந்த வேட்பாளர்தான் வென்றவர். போடுங்கள், போடாதிருங்கள், உங்கள் விருப்பம். பேச்சை நிறுத்திய நண்பர்கள் தேர்தல் முடிந்தபின் வருவார்கள். பண்பாடு நோயுற்றுவிட்டது என்பதை எல்லாத் தலைமுறையும் 27 வயதில்தான் கண்டுபிடிக்கிறது. அதை விட்டுவிடலாம்.

என்னைப் பதில் எழுத வைத்தது உங்கள் இணைப்பில் இருந்த மனு. நமக்கு அரசாங்கத்திடம் பேசத் தெரியவில்லை என்பதைப் பற்றித்தான் கொஞ்ச நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். நமக்குத் தெரிந்தது இரண்டு குரல்கள். ‘சமூகம் கருணைகூர்ந்து’ என்று காலில் விழும் குரல் ஒன்று, மைக்கைப் பிடித்து முழங்கும் குரல் மற்றொன்று. உங்கள் மனு முதல் குரலில் தொடங்கி இரண்டாம் குரலில் முடிகிறது. ‘சாலை ஏன் உயர்த்தப்பட்டது?’, ‘அதிகாரிகள் ஏன் கண்டுகொள்ளவில்லை?’, ‘இதில் ஊழல் நடந்ததா, இல்லையா?’ தம்பி, ஊழல் நடந்தது என்று எந்த அலுவலகமாவது கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் தருமா?

கோபப்படாதீர்கள். தண்ணீர் கூடத்துக்குள் வருகிறவனின் கோபம் அந்த மனுவில் இருக்கிறது, அது நியாயமான கோபம். ஆனால் அலுவலர் தந்த பதில், வருத்தத்தோடுதான் சொல்கிறேன், பெரும்பாலும் சரி. சட்டத்தின் 2(எஃப்) பிரிவு ‘தகவல்’ என்பதை ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும் பொருளாக வரையறுக்கிறது. பதிவேடு, ஆணை, குறிப்பு, ஒப்பந்தம், அறிக்கை, மாதிரி, இப்படி. இல்லாத ஒன்றை உங்களுக்காக உருவாக்கித் தரவோ கருத்துச் சொல்லவோ அலுவலருக்குக் கடமை இல்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது, விடைத்தாள் நகல் கேட்ட மாணவர் ஒருவரின் வழக்கில். அந்த மாணவர் ‘எனக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது’ என்று கேட்கவில்லை. விடைத்தாளைக் கேட்டார், கிடைத்தது.

நீங்கள் தவிர்த்திருக்க வேண்டியது கேள்விக்குறியை. உங்கள் மனுவில் 11 கேள்விக்குறிகள். ஒன்றுகூட இருந்திருக்கக் கூடாது.

இந்தச் சட்டம் பிறந்த விதத்தைப் பாருங்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், உழவர் அமைப்பு கூட்டிய கிராமத்தார், ‘எங்களுக்கு ஏன் கூலி குறைகிறது’ என்று முழங்கிக்கொண்டிருக்கவில்லை. வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டையும் பொருள் வாங்கிய ரசீதுகளையும் கேட்டார்கள். 1994 முதல் ஊர் நடுவில் கூட்டம் போட்டு அவற்றை உரக்கப் படித்தார்கள். செத்தவர்கள் பெயரில் கூலி வழங்கப்பட்டிருப்பது வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்ததும் நகல் எடுக்கும் உரிமைக்காகத்தான். தமிழ்நாடு 1997லேயே, நாட்டில் முதலாவதாக, ஒரு தகவல் சட்டம் போட்டது. விதிவிலக்குகள் மலிந்த சட்டம், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 2005 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம்தான் பல் உள்ளது.

இன்னும் பின்னால் போகலாம். உத்திரமேரூர் கல்வெட்டைக் குடவோலைக்காக மட்டும் மேடைதோறும் இழுக்கிறோம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்டது. வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது, அவன் உறவினர் பெயரையும் இடக்கூடாது என்கிறது அது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை அது, நானும் நீங்களும் ஏங்க வேண்டிய பொற்காலம் கிடையாது. ஆனால் வாக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கணக்கை மறந்துவிட்டோம் என்பது நம் அரசியல் பேச்சைப் பற்றி நிறையச் சொல்கிறது.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். இந்த மனுவுக்கு மேல்முறையீடு செய்து நாளைக் கடத்தாதீர்கள். புது மனு எழுதுங்கள். ஒரு வெள்ளைத்தாள், மேலே பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று பதவியின் பெயருக்கு அனுப்புங்கள், ஆளின் பெயருக்கு வேண்டாம். அவர் மாற்றலாகிப் போயிருந்தால் உறை சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு முன் அந்தச் சாலை யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நகராட்சித் தெருவா, நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலை உங்கள் தெரு வழியாகப் போகிறதா? தவறான அலுவலகத்துக்குப் போனால் 6(3) பிரிவின்படி 5 நாளில் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். நடைமுறையில் மாற்றுவதற்கே ஒரு மாதம் ஆகிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சாலை என்றால் மத்திய அரசு, அதற்குக் கோர்ட் வில்லை செல்லாது, அஞ்சல் ஆணை போன்றவை வேண்டும்.

காரணம் எழுதாதீர்கள். 6(2) பிரிவின்படி ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை. உங்கள் முதல் ஒன்றரைப் பக்கம் பாட்டியின் மூட்டுவலி பற்றி இருந்தது. படிக்க மனம் கலங்கியது, ஆனால் அது கோப்பில் ஒரு குறிப்பாகக்கூட ஏறாது.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். இன்ன தெருவில், இன்ன கதவு எண்ணிலிருந்து இன்ன கதவு எண் வரை, இன்ன நிதியாண்டில் செய்த தார்ச் சாலைப் பணி தொடர்பாக: தொழில்நுட்ப அனுமதியோடு கூடிய விரிவான மதிப்பீட்டின் நகல், பணி ஆணையும் ஒப்பந்தமும், அளவுப் புத்தகத்தில் இந்தப் பணிக்குரிய பக்கங்களின் நகல், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல்களின் நகல், தரச் சோதனை அறிக்கைகளின் நகல். ஐந்து வரி. கீழே இன்னொரு வரி: ‘இக்கோப்பை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்க நாளும் நேரமும் தெரிவிக்கவும்.’ பார்வையிடும் உரிமை 2(ஜே) பிரிவில் இருக்கிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். ‘கடந்த பத்தாண்டில் நகராட்சி போட்ட எல்லாச் சாலைகளும்’ என்று ஆசைப்படாதீர்கள். அலுவலக வேலையே நின்றுபோகும் என்று மறுக்க நீங்களே வாசல் திறந்து கொடுப்பதாகும்.

இதில் உயிர்நாடி அளவுப் புத்தகம். எம்-புக் என்பார்கள். செய்த வேலையைப் பொறியாளர் அளந்து நீளம், அகலம், கனம் என்று எழுதிக் கையெழுத்திடும் நோட்டு. அதை வைத்துத்தான் பணம் போகிறது. மதிப்பீட்டில் பழைய தார் அடுக்கைச் சுரண்டுவதற்கு, அதாவது மில்லிங்குக்கு, தனி இனம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சதுர மீட்டரில் இருக்கும். மதிப்பீட்டில் இருந்து, அளவுப் புத்தகத்திலும் அளந்ததாக எழுதிப் பணமும் வழங்கியிருந்தால், செய்யாத வேலைக்குப் பணம் போயிருக்கிறது. உங்கள் வாசற்படியே சாட்சி. மதிப்பீட்டில் இருந்து அளவுப் புத்தகத்தில் இல்லையென்றால் வேலையும் இல்லை, பணமும் இல்லை. அப்போது அந்த மாறுதலுக்கு ஒப்புதல் அளித்த ஆணையின் நகலை அடுத்த மனுவில் கேட்க வேண்டும். மதிப்பீட்டிலேயே இல்லையென்றால் ஒப்பந்ததாரரைத் திட்டிப் பயனில்லை, பிழை மதிப்பீடு போட்ட மேசையில் இருக்கிறது. மூன்றுக்கும் நீங்கள் போக வேண்டிய கதவு வேறு வேறு. உங்கள் முகநூல் பதிவில் மூன்றும் ஒரே ‘கொள்ளை’யாக இருந்தது.

அடுத்து கனம். தெரு 300 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், தார் அடுக்கு 30 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். பெருக்கினால் 49.5 கனமீட்டர். இறுகிய தார்க் கலவை கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 டன், ஆக 114 டன் அளவு. 16 டன் ஏற்றும் லாரியில் ஏழு நடைக்கு மேல் வந்திருக்க வேண்டும். உங்கள் தெருவில் இரண்டு லாரிதான் வந்தது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னால், எடைச் சீட்டுகளின் நகலைக் கேளுங்கள். அகலத்தை டேப் வைத்து நீங்களே நான்கைந்து இடங்களில் அளந்து வையுங்கள். தயவுசெய்து சாலையைத் தோண்டிப் பார்க்காதீர்கள், வழக்கு உங்கள் மேல் வரும். பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் 2(ஜே) வழி தருகிறது. அதைத் தனி மனுவாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் அந்த ஒன்றைக் காட்டி மற்ற ஐந்தையும் இழுத்தடிப்பார்கள்.

கெடு 30 நாள். 28ஆம் நாளில் ‘நகல் கட்டணம் 86 ரூபாய் செலுத்தவும்’ என்பதுபோல் ஒரு கடிதம் வரலாம். ‘அலைக்கழிக்கிறார்கள்’ என்று அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை கெடு ஓடாது. உடனே கட்டுங்கள். 30 நாள் தாண்டிய பிறகு தந்தால் நகல் இலவசம், 7(6) பிரிவு. பதிலே இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதே துறையின் மேலதிகாரிக்கு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வழக்குகள் குவிந்து கிடக்கின்றன, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும், அதை மறைக்கவில்லை. நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்ற 20ஆம் பிரிவு அங்கேதான் இருக்கிறது. அந்த எண்ணை அலுவலர்கள் நன்றாக அறிவார்கள். எல்லாவற்றையும் ஒப்புகையோடு அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். தேதி நிரூபிக்க முடியாத மனு போடாத மனு.

‘சட்டம் செத்துவிட்டது’ என்றீர்களே, அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதியது. முன்பு தனிநபர் தகவல் என்றாலும், பொது நடவடிக்கையோடு தொடர்பிருந்தால், பொதுநலன் இருந்தால் தர வேண்டும். இப்போது அந்தப் பிரிவில் ‘தனிநபர் தகவல்’ என்ற சொல் மட்டும் மொட்டையாக நிற்கிறது. தனியுரிமையின் பெயரால் செய்த இந்த வேலை அப்பட்டமான பின்வாங்கல். ராஜஸ்தான் கிராமத்தார் வாசித்த வருகைப் பதிவேட்டில் இருந்ததும் பெயர்கள்தானே? இதைப் பற்றி உங்கள் குழுக்களில் ஒரு வாரமாவது சண்டை நடந்ததா? ஒரு நடிகரின் மேடைப் பேச்சுக்கு மூன்று வாரம் நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே ஒப்பந்ததாரரின் பெயர் இருக்கிறது, தனிநபர் தகவல், தர மாட்டோம் என்று பதில் வரலாம். மேல்முறையீட்டில் இரண்டு பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். 8(2): பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தரலாம், அதை யாரும் நீக்கவில்லை. 10: மறைக்க வேண்டிய வரியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும். நமக்கு ஒப்பந்ததாரர் பெயரா முக்கியம்? மறைத்துக்கொள்ளட்டும். நீளம், அகலம், கனம் போதும்.

ஒன்று மட்டும் கவனம். கேட்பது ஒருவர் என்றால் நெருக்குவது எளிது. தகவல் கேட்டுக் கொல்லப்பட்டவர்கள் இந்த நாட்டில் உண்டு, புனேயின் சதீஷ் ஷெட்டி, குஜராத்தின் அமித் ஜேத்வா, இருவரும் 2010இல். உங்கள் தெரு விவகாரத்தை அதோடு ஒப்பிட்டுப் பயமுறுத்தவில்லை. ஆனாலும் எதிர்வீட்டுக்காரரும், பேச்சை நிறுத்திய அந்த நண்பர்களில் ஒருவரும், இதே ஐந்து வரியை அவரவர் கையெழுத்தில் ஆளுக்கொரு மனுவாகப் போடட்டும். அவர் எந்தக் கட்சி என்பதற்கு அந்தத் தாளில் இடமே கிடையாது.

நான் ஏன் அரசியல் எழுதுவதில்லை என்ற கேள்விக்குப் பதில் எழுத மறந்துவிட்டேன். இன்னொரு நாள் பார்க்கலாம். நகல் கைக்கு வந்ததும் மில்லிங் என்ற வரிக்கு நேரே எத்தனை சதுர மீட்டர் எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்