ஃபெராரி 458-உம் 488-உம் ஓட்டும்போது ஏன் வேறு வேறாகத் தெரிகின்றன?

காரணம் டர்போ. அது, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழன்று, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும் சிறு விசிறி. 2009-இல் வந்த '458 இத்தாலியா' காரில் அது இல்லை. 2015-இல் வந்த '488 ஜிடிபி' காரில் இரண்டு உண்டு. காற்று கூடினால் எரிபொருளும் கூடுதலாக எரியும், கொல்லன் உலையில் துருத்தி ஊதுவது போல. அதனால் 488, எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போதே பலமாக இழுத்து, முதுகை இருக்கையோடு அழுத்திவிடும். 458-இல் 9,000 சுற்று வரை ஏற்றிக்கொண்டே போகலாம். ஏற ஏறச் சத்தம் கூர்மையாகும், மிதித்த அளவுக்கு வண்டி உடனே பதில் சொல்லும். என்னைக் கேட்டால், ஓட்டும் இன்பம் இதில்தான் அதிகம். வேகம்தான் வேண்டும் என்றால், சரி, 488. டர்போ என்றாலே மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 488-இல் அந்தத் தாமதம் மிகக் குறைவு.